மஞ்சள் காதுமூடி

யூதர்களைப் பற்றிய அந்தப் பழைய இசை நாடகம் எங்கள் அரங்குக்கு வரப்போகிறது என்று முடிவான வாரமே, வாசலில் இருந்த சின்ன மேசையை எடுத்துவிட்டு நீளமான மேசை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அந்த மேசைக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது, பிறகு அவர்களுடைய இருக்கையைக் காட்டுவது. லண்டனில் நோர்பரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போன பிறகு, பகல் காட்சிகளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

பகல் காட்சிக்கு வருகிறவர்களின் பைகளில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மூக்குக் கண்ணாடி, மாத்திரை, வீட்டிலே கட்டிக்கொண்டு வந்த சான்ட்விச். ஆனால் அந்த நாடகம் தொடங்குவதற்கு முன் மனேஜர் எங்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். நாட்டின் நிலைமை தெரியும்தானே என்றார். யூதக் கதை என்பதால் யாராவது குழப்பம் செய்ய வரலாம், யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, கவனமாக இருக்கத்தான் சொல்கிறேன் என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவுமில்லை.

நான் இலங்கையில் மன்னார்க்காரி. சோதனை மேசையின் மற்றப் பக்கத்தில் நின்று பழகியவள். போர்க்காலத்தில் வவுனியாவுக்குப் போகும் வழியில், சாக்குத் துணி கட்டி மறைத்த கொட்டில் ஒன்றுக்குள் பெண் ஆமிக்காரி என் பையைக் கவிழ்த்துக் கொட்டுவாள். கொட்டுண்டதை நான்தான் குனிந்து பொறுக்க வேண்டும். அதனால் இங்கே நான் யாருடைய பைக்குள்ளும் கை விடுவதில்லை. நீங்களே திறந்து காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

நாடகம் வந்தது. நாட்டைச் சுற்றி ஊர் ஊராக ஆடிக்கொண்டு வந்த குழு. எங்களிடம் இரண்டு வாரம். முதல் நாள் பின்னால் நின்று பார்த்தேன். ரஷ்யப் பேரரசின் காலத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே கல்யாணங்கள், பிரார்த்தனைகள், சண்டைகள். கடைசியில் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. சனம் மூட்டை முடிச்சோடு வரிசையாக மேடையை விட்டுப் போகும்போது அரங்கு முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எனக்கு அழுகை வரவில்லை. ஊரை விட்டு ஓடுகிறவர்கள் அப்படி வரிசையில் போவதில்லை. நான் போன நாளில் என் செருப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போய்விட்டாள். இதையெல்லாம் யோசித்தபடி நின்றேனே தவிர, அந்த நாடகத்தை நான் முழுதாக நம்பவில்லை.

அந்த மனிதர் முதல் புதன்கிழமைப் பகல் காட்சிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சாம்பல் நிற ஸ்வெட்டர், தட்டைத் தொப்பி, கழுத்தைச் சுற்றிய சால்வைக்குள் பாதி மறைந்த தாடி. தனியாக வந்திருந்தார். பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே தண்ணீர்ப் போத்தல், ஒரு ஆப்பிள், அவற்றோடு பெரிய மஞ்சள் காதுமூடி. ரோட்டைக் கிண்டுகிறவர்கள் காதுகளில் கவிழ்த்துக் கொள்வார்களே, அது.

இது எதற்கு என்று கேட்டேன்.

"காதுக்கு," என்றார்.

காதுமூடி கொண்டுவரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளே விட்டேன். ஆனால் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பாட்டுக் கேட்கக் காசு கொடுத்து வருகிறவருக்குக் காதை மூட என்ன தேவை? இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். நாடகம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னர் எழுந்து, முன் வாசலுக்கு வராமல், பக்கத்துக் குறுகிய ஒழுங்கைக்குப் போகும் கதவால் விறுவிறென்று வெளியேறினார். அவர் இருந்த இருக்கையின் கீழே குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பின்னேரம் வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் ஹீத்ரோவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றும் பிரிவில் இருக்கிறார். அதே மாதிரி மஞ்சள் காதுமூடி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் தொங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இவர் சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

"காதுக்கு அதைப் போடுறவன், பெரிய சத்தம் ஒண்டு வரப்போகுதெண்டு தெரிஞ்சவன்தான். நாங்கள் ஏன் போடுறம்? பிளேன் வருமெண்டு எங்களுக்குத் தெரியும்."

"சும்மா பயப்படுத்தாதேங்கோ," என்றேன்.

"நான் பயப்படுத்தேல்லை. நீர்தானே கேட்டனீர்."

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதிக்குள் நுழைந்தேன். நீளக் கறுப்புக் கோட்டும் அகன்ற கறுப்புத் தொப்பியும் போட்ட ஒருவர், பெரிய துணிப்பையோடு ஆண்கள் கழிப்பறைக்குள் போனார். வட லண்டன் பக்கம் அப்படி உடுத்த யூதர்களைப் பார்த்திருக்கிறேன், எங்கள் பக்கத்தில் அருமை. அதனால்தான் நின்று பார்த்தேன். திரும்பி வெளியே வந்தவர் சாம்பல் நிற ஸ்வெட்டரும் தட்டைத் தொப்பியும் போட்டிருந்தார். தாடியைச் சால்வைக்குள் செருகிக்கொண்டே வந்தார். நேற்றைய அதே மனிதர்.

நான் முந்திக்கொண்டு அரங்குக்குப் போய் மேசைக்குப் பின்னால் நின்றேன். அவர் வந்தபோது கையில் சின்னப் பை மட்டும்தான் இருந்தது. பெரிய பையைக் காணவில்லை. உங்களிடம் வேறு பை இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கடையில் வைத்திருக்கிறேன் என்றார். எந்தக் கடை என்றேன். நிலையத்துக்குப் பக்கத்தில் என்றார்.

அவரை உள்ளே விட்டுவிட்டு மனேஜரிடம் ஓடினேன். உடுப்பு மாற்றியதையும், காணாமல் போன பையையும், காதுமூடியையும் சொன்னேன். மனேஜர் ஆட்களை அனுப்பிக் கழிப்பறை, படிக்கட்டு, குப்பைத்தொட்டி எல்லாம் பார்க்க வைத்தார். எங்கேயும் பை இல்லை. அந்த மனிதர் அன்றும் முடிவதற்கு முன் பக்கக் கதவால் போய்விட்டார்.

காட்சி முடிந்து நானே அந்தக் கடையைத் தேடிப் போனேன். பயணிகளின் பைகளைச் சில மணித்தியாலம் வைத்துக்கொள்வதற்கு வாடகை வாங்கும் கடைகள் இப்போது நிறைய. நிலையத்தடியில் அப்படி இருப்பது எங்கள் ஆள் ஒருவருடைய கடை. கறிவேப்பிலை வாங்க நான் வழக்கமாகப் போகும் இடம். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் பை வைத்துவிட்டுப் போகிறவரா என்று விசாரித்தேன். கடைக்காரத் தம்பி சிரித்தார்.

"இப்பதான் வந்து எடுத்துக்கொண்டு போறார். யோசியாதேங்கோ அக்கா, எனக்கும் சந்தேகம்தான். திறந்து பாத்தனான். ஒரு கறுப்புக் கோட்டும் தொப்பியும்தான் கிடந்தது."

குண்டு இல்லை என்று தெரிந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. கோட்டு உண்மையா, ஸ்வெட்டர் உண்மையா? யூதர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து, சாதாரண ஆள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறாரா? அல்லது யூதர்தான் என்றால், தன் சனத்தின் கதையைப் பார்க்க ஏன் ஒளித்து வர வேண்டும்? சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு அவர் வரவில்லை. வராததையும் நான் சந்தேகமாகத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை திரும்ப வந்தார். மனேஜர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்: உள்ளே விடு, பின்னால் நின்று கண் எடுக்காமல் பார், எழுந்து போகும்போது எனக்குச் சொல். என் இடத்தில் வேறொருவரை மேசைக்கு விட்டுவிட்டு, நான் கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் நின்றேன்.

விளக்கு அணைந்தது. மேடையில் ஆண்கள் பாடும்போது அவர் சும்மா இருந்தார். மகள்மாராக நடிக்கும் பெண்கள் பாடத் தொடங்கினார்கள். உடனே குனிந்து காதுமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கழற்றி மடியில் வைத்தார். திரும்ப ஒரு பெண் குரல் வந்தது, திரும்பப் போட்டார். இப்படியே நடந்துகொண்டிருந்தது. ஆனால் பாட்டு இல்லாமல் வாத்தியம் மட்டும் வரும் இடங்களில், முக்கியமாக மேடைக்கு முன்னால் கீழே வாத்தியக்காரர் இருக்கும் பள்ளத்திலிருந்து கிளாரினெட் தனியாக எழும்பும் இடங்களில், முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறை அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரா, இருமுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சி தொடங்கும்போது எழுந்தார். நான் மனேஜருக்குச் சைகை காட்டினேன். பக்கக் கதவுக்கு வெளியே இருக்கும் நடைபாதையில் இருவரும் அவரை மறித்தோம். மனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். பாதுகாப்பு விஷயம், ஒன்றிரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்றார். அந்த மனிதர் மனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உங்களை யார் அனுப்பியது?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. நான் இங்கே வேலை செய்கிறவள் என்றேன். அவர் தலையாட்டினார், நம்பாத ஒருவர் தலையாட்டுவது மாதிரி. போன வாரமும் நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எங்கள் ஆட்களில் யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் அவரைக் கண்காணித்த நேரமெல்லாம் அவரும் என்னைக் கண்காணித்திருக்கிறார்.

அப்போது கதவுக்குள்ளிருந்து கிளாரினெட் சத்தம் வந்தது. அவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிடம்," என்றார். மூன்று பேரும் அந்தக் குறுகிய நடைபாதையில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்று, அது முடியும்வரை கேட்டோம்.

பிறகு அவர் சொன்னார். பெண்கள் பாடுவதை ஆண்கள் கேட்பது அவருடைய சமூகத்தில் கூடாது. நாடகம் பார்க்கப் போவதும் கூடாது, தெரிந்தால் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுவரை அடிபடும். வாத்தியத்துக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. "கிளாரினெட் வாசிப்பவர் என் தங்கை," என்றார். சின்ன வயதிலேயே வீட்டையும் சமூகத்தையும் விட்டுப் போனவராம். வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தபோது, தங்கை வாத்தியப் பெட்டியோடு, வாத்தியக்காரர் போய்வரும் ஒழுங்கைக் கதவுக்குள் நுழைவதைத் தற்செயலாகக் கண்டிருக்கிறார்.

நல்ல கதை. பிடிபட்ட ஒருவர் அந்த இடத்திலேயே கட்டக்கூடிய கதையும்தான். மனேஜரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அப்படியானால் கீழே போய் உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன், அதோடு முடிந்துவிடும் என்றார்.

"வேண்டாம். அவளிடம் போகாதீர்கள்."

"இல்லையென்றால் நான் பொலிசைக் கூப்பிட வேண்டிவரும்."

"பொலிசைக் கூப்பிடுங்கள்," என்றார் அந்த மனிதர். சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார், வரும்வரை காத்திருக்கிறவர் மாதிரி.

என் வாழ்க்கையில் பொலிசைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். கூப்பிடு என்றவரை அன்றுதான் கண்டேன். இதுவும் ஒரு தந்திரமோ என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் மனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஆளால் ஆபத்தில்லை, விட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான். மனேஜர் பொலிசைக் கூப்பிடவில்லை. இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனபோது அவர் எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் நின்றார். அன்று ஒளிப்பு ஒன்றும் இல்லை. நீளக் கறுப்புக் கோட்டு, அகன்ற தொப்பி, நெஞ்சுவரை தாடி. பஸ்கள் வந்து வந்து போயின. அவர் எதிலும் ஏறவில்லை. வர வேண்டாம் என்று சொன்னதை மீறாமல், ஆனால் போகவும் முடியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் எதற்காகவோ காவல் நிற்கிறார் என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் சேர்ந்தே வந்தன.

காட்சிக்கு முன் வேலையாட்களின் தேநீர் அறைக்குப் போனேன். வாத்தியக்காரர் சிலர் அங்கே இருந்தார்கள். கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிரோடு, கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். கையில் கிளாரினெட் பெட்டி. நீங்கள்தானே வாசலில் நிற்கிறவர் என்று தொடங்கி, குரலைத் தணித்துக் கேட்டார்.

"மஞ்சள் காதுமூடியோடு ஒருவர் வருவாரே, இன்றைக்கு வந்திருக்கிறாரா?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அந்தக் கேள்வி என் வாயில் தானாக வந்தது.

முதல் புதன்கிழமை இடைவேளையில், பள்ளத்துக்குள்ளிருந்து எழுந்து முதுகை நிமிர்த்தியபோது, மடியில் அந்தக் காதுமூடியோடு அவரைப் பின்வரிசையில் கண்டாராம். பாட்டுக் கேட்க வந்து காதை மூடிக்கொண்டு இருக்கக்கூடிய ஆள் உலகத்திலே என் அண்ணன் ஒருவர்தான் என்றார். எங்கே தங்கியிருக்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று பார்த்துவரச் சொல்லி வீட்டார் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அதனால் அவர் வரும் நாளெல்லாம் ஒழுங்கைக் கதவால் போகாமல், முன் வாசலால் சனத்தோடு சனமாகக் கலந்து போயிருக்கிறார்.

"அவர் வெளியே பஸ் தரிப்பில் நிற்கிறார்," என்றேன். நேற்று நடந்ததையும் சொன்னேன். உங்களிடம் போய்க் கேட்பதைவிடப் பொலிசைக் கூப்பிடுங்கள் என்றார் என்று சொன்னபோது, அந்தப் பெண் வாத்தியப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அதன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார்.

நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தேன். அந்தப் பெண் சாலையைக் கடந்து போய், அண்ணனுக்கு எட்டத் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டார். அண்ணன் ஏதோ சொன்னார். பெண் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அவர் திரும்பவும் சொன்னார், மிகச் சின்னதாக ஏதோ ஒன்று. பெண்ணின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. பஸ் தரிப்பின் சாய்ந்த இருக்கையில் அப்படியே இருந்துவிட்டார். அண்ணன் தொடவில்லை. பக்கத்தில் வந்து, காற்று வரும் பக்கமாக நின்றார். அந்த நேரத்திலும் நான் அவருடைய இரண்டு கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடுகிறதா?

அந்தப் பெண் திரும்பி உள்ளே வந்தபோது என் முன்னால் நின்றார். சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னிடம் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"அம்மா இறந்துவிட்டாராம். குளிர்காலத்தில். அதை வேறு யார் மூலமும் இல்லாமல், தானே சொல்லத்தான் வந்திருக்கிறார்."

ஒவ்வொரு தடவையும் கடைசிக் காட்சியில் எழுந்து, ஒழுங்கைக் கதவடியில் போய் நின்று, தங்கை வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் அவர். தங்கையோ அவருக்குப் பயந்து முன் வாசலால் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

மனேஜர் வந்து, வீட்டுக்குப் போக வேண்டுமானால் போகலாம், சமாளித்துக்கொள்வோம் என்றார். அந்தப் பெண் வாசிக்கிறேன் என்றார். அண்ணனை உள்ளே விடலாமா என்று மனேஜரிடம் நான் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே அந்தக் கோட்டையும் தொப்பியையும் பார்த்தார். பையை மட்டும் பார்த்துவிட்டு விடு என்றார். பார்த்தேன். விட்டேன்.

அன்று நான் கடைசிக் காட்சிக்குப் பின்னால் நின்றேன். ஊர்ச்சனம் மூட்டை தூக்கும் இடத்தில் வழக்கமாகக் கிளாரினெட் தனியாக வரும். வரவில்லை. வெறும் இடைவெளி ஒன்று விழுந்தது. பிறகு ஒரு வயலின் அந்த இடத்தை எடுத்து வாசித்தது. சுற்றி இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு மூன்று வரி கழித்துக் கிளாரினெட் உள்ளே வந்து வயலினோடு சேர்ந்துகொண்டது.

காட்சி முடிந்து இருவரும் ஒழுங்கைக் கதவால் வெளியே வந்து ரயில் நிலையப் பக்கம் போனார்கள். தங்கை முன்னால், அண்ணன் ஓரடி பின்னால். இருவருக்கும் இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி விழும் நடை. வாரக் கடைசியில் குழு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்குள் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, உண்மையிலேயே அண்ணன் தங்கைதான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்றார். நடையைச் சொன்னேன்.

"நடை எத்தனையோ பேருக்கு அப்பிடி இருக்கும்," என்றார்.

"இருக்கும்," என்றேன். "ஆனா நான் நம்புறன்."